ஆங்கிலத்தின் வழிவந்த வடபுலம்
தமிழில் ஸ்கந்திநேவிய இலக்கியப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

தமிழில் பிறநாட்டு இலக்கியங்கள் இடம்பெற்ற வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலிற் காண்பது, அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலம் என்னும் ஒரே வாயிலின் வழியாக வந்தவை என்பதாகும். உருசிய இலக்கியம் இதற்கு ஓரளவு விலக்கு. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அங்கேயே வரவழைத்து அமர்த்தியமையால், உருசிய மூலத்தோடு நேரே உறவாடிய தமிழ் நூல்கள் சில தோன்றின. வட ஐரோப்பிய இலக்கியத்திற்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. அது வந்த வழி, வந்த பொருளை எவ்வாறு மாற்றியது என்பது தமிழ்த் திறனாய்வு இதுகாறும் போதிய அளவு கேளாத வினாவாகும்.

வட ஐரோப்பா என ஒரு சொல்லால் வழங்கும் நிலப்பரப்பு மொழிவகையால் ஒன்றன்று. டேனியம், நோர்வீஜியம், சுவீடியம், ஐஸ்லாந்தியம் ஆகியவை ஜேர்மானியக் கிளையைச் சார்ந்தவை. லத்வியமும் லித்துவேனியமும் பால்டிக் கிளையின் எஞ்சிய மொழிகள். பின்னியமும் எசுத்தோனியமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திற்கே புறம்பானவை. நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதிகளில் வாழும் சாமி மக்களின் மொழிகள் இவற்றோடு உறவுடையன. இவ்வேறுபாடுகளை அறியாது வடபுல இலக்கியத்தைப் படிப்பது, தமிழையும் சிங்களத்தையும் ஒரே மொழியெனக் கொண்டு ஈழத்து இலக்கியத்தைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

இத்துறையில் தமிழுக்கு முதன்மையான பங்களிப்புச் செய்தவர் க. நா. சுப்ரமண்யம் ஆவார். க்னூட் ஹாம்சூனின் நாவலை ‘நிலவளம்’ என்றும், செல்மா லாகர்லெவ்வின் முதல் நாவலை ‘மதகுரு’ என்றும், பேர் லாகர்குவிஸ்ட்டின் ‘பரபாஸ்’ என்ற நாவலை ‘அன்பு வழி’ என்றும் அவர் தமிழாக்கினார். மூவரும் நொபெல் பரிசு பெற்றவர்கள்: லாகர்லெவ் 1909 இலும், ஹாம்சூன் 1920 இலும், லாகர்குவிஸ்ட் 1951 இலும் அதனைப் பெற்றனர். கலகலப்பான தொடர்கதையே நாவல் என்று தமிழ் வாசகர் எண்ணியிருந்த காலத்தில், மெல்ல நகரும் பெருநாவலின் ஆழத்தை உணர்த்தியவை இம்மொழிபெயர்ப்புகள். நோர்வீஜியமும் சுவீடியமும் கற்ற பின்னரே மொழிபெயர்ப்பேன் என்று அவர் காத்திருந்திருப்பின் இந்நூல்கள் தமிழுக்கு வந்திரா. ஆகவே இங்கு ஆராயப்படுவது அவர் செய்தவற்றின் குறையன்று. அவருக்குப் பின் வந்தோர் செய்யாது விட்ட பணியே.

மூன்று நூல்களின் தலைப்புகளே இதற்குப் போதிய சான்றாகும். ஹாம்சூன் 1917 ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலின் மூலத் தலைப்பு ‘மார்க்கென்ஸ் குறோடெ’ என்பது. இதன் இரண்டாவது சொல், நிலத்தில் விளைந்து நிற்கும் பயிரையும் அதன் பயனையும் குறிப்பது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அதனை மண்ணின் வளர்ச்சி என்ற பொருள்பட ஆக்கினார். தமிழில் அது ‘நிலவளம்’ ஆயிற்று. வளம் நிலத்திற்கு இயல்பாக அமைந்த தன்மை. விளைச்சலோ உழைப்பினால் நிலத்திலிருந்து பெறப்படுவது. காட்டினுள்ளே தனியனாய்ப் புகுந்து, கல் அகழ்ந்து, சேற்றுநிலம் வடித்துச் செல்லன்றோ என்னும் பண்ணையை ஆக்கும் ஐசாக்கின் கதையில் மையமாய் நிற்பது உழைப்பே. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கல்லைப் பிளந்து கிணறு வெட்டித் துலா மிதித்து இறைத்துத் தோட்டம் செய்த பரம்பரைக்கு வளத்திற்கும் விளைச்சலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மூலச் சொல் நேரே கிடைத்திருப்பின் ஈழத்து வாசகன் இந்நாவலில் தன் பாட்டனையே கண்டிருப்பான்.

லாகர்லெவ்வின் 1891 ஆம் ஆண்டு நாவலின் பெயர் ‘யெஸ்டா பெர்லிங்ஸ் சாகா’. ‘சாகா’ என்பது பழைய ஐஸ்லாந்திய உரைநடைக் காதைகளையும் பாட்டி சொல்லும் கதையையும் ஒருங்கே சுட்டும் சொல். வேர்ம்லாந்து என்ற தன் நாட்டுப்புறத்தின் வாய்மொழிக் கதைகளை நாவலாக்கிய ஆசிரியையின் நோக்கம் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. ‘மதகுரு’ என்ற தமிழ்த் தலைப்பு குருத்துவத்தை இழந்த கதைத்தலைவனை முன்னிறுத்துகின்றது. கதை சொல்லும் மரபோ மறைந்துவிடுகின்றது. தமிழில் காதை என்றொரு பழஞ்சொல் இருந்தும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

‘பரபாஸ்’ பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. 1950 இல் வெளிவந்த அந்நாவல், தனக்குப் பதிலாக ஒருவர் சிலுவையில் மாண்டமையால் உயிர் பிழைத்த மனிதன், அவரை நம்பவும் இயலாது மறக்கவும் இயலாது அலைவதைக் கூறுகின்றது. அவன் இறக்கும்போது சொல்லும் இறுதிச் சொற்கள் இறைவனை நோக்கியவையா, சூழ்ந்த இருளை நோக்கியவையா என்பதை ஆசிரியர் வேண்டுமென்றே தெளிவாக்காது விடுகின்றார். ‘அன்பு வழி’ என்ற தலைப்பு அவ்வையத்தை வாசகன் நூலைத் திறக்குமுன்னரே தீர்த்துவைக்கின்றது. ஐயுறுபவனின் பெயர் இருந்த இடத்தில் அவன் ஏற்க இயலாத போதனை அமர்ந்துகொள்கின்றது. இம்மாற்றம் ஆங்கிலத்தால் நேர்ந்ததன்று, மொழிபெயர்ப்பாளரின் விளக்கமே. எனினும், மூலத்தோடு ஒப்புநோக்கவல்ல திறனாய்வாளர் தமிழில் இல்லாமையால் அது விளக்கமென்றே அறியப்படாது போயிற்று.

சொல்லளவில் நிற்கும் இக்குறைகளிலும் பெரியது பண்பாட்டறிவு இன்மையால் விளையும் குறையாகும். ‘நிலவள’த்தின் தொடக்கத்தில், அங்கு வந்த முதல் மனிதனே பாதையை உண்டாக்கினான், அவனுக்கு முன் பாதை இல்லை என்று கூறப்படுகின்றது, அப்பாதையைப் பின்னர் மோப்பங்கொண்டு கண்டவனாகவே சாமி இனத்தவன் காட்டப்படுகின்றான். அவனைக் குறிக்கும் ‘லாப்’ என்ற சொல் இன்று இழிவழக்காகக் கருதப்படுவது. ஹாம்சூன் வளர்ந்த ஹாமரோய் பகுதி சாமி மக்களின் பழைய வாழிடத்துள் அடங்கியது. அவர்தம் மொழியையும் வாழ்வையும் நோர்வீஜியமயமாக்கும் கொள்கையை அரசு பல தசாப்தங்களாக நடைமுறைப்படுத்தி வந்த காலமும் அதுவே. நாவல் வெளிவந்த அதே 1917 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆந் திகதி, துரொண்ட்ஹெய்ம் நகரில் சாமி மக்களின் முதற் பெருமாநாடு, எல்சா லவுலா ரென்பேர்க் என்ற பெண்மணியின் முன்முயற்சியால் கூடியது. ஐசாக்கின் மனைவி இங்கர் சிறையிருந்து தையலும் நாகரிகமும் கற்றுத் திரும்புவதாக நாவல் கூறுவதும் அதே நகரிலிருந்துதான். ஆளில்லா நிலம் என்று ஒரு பேரிலக்கியம் பாடிய மண், வேறொரு மக்களின் மண்ணாக இருந்தது. மண்ணைத் தெய்வமாக்கிய அவ்வெழுத்தாளர் 1943 இல் தம் நொபெல் பதக்கத்தை நாசி அமைச்சர் கோயபல்சிற்கு அனுப்பியதும், 1945 இல் ஹிட்லருக்கு இரங்கலுரை எழுதியதும் இதனோடு சேர்த்து எண்ணற்பாலன. நாவலின் கலைச்சிறப்பு இதனால் அழிந்துவிடுவதில்லை. ஆயின் மண், குடியேற்றம், உரிமை ஆகிய சொற்களின் கனத்தைத் தம் வாழ்விலேயே உணர்ந்த மக்கள் அந்நாவலை வெறும் உழவுக் காவியமாகப் படித்து அமைந்துவிடுதல் தகாது.

ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்கள் வாழும் நாட்டின் மொழியைக் கற்பதால் யாது பயன், ஆங்கிலம் போதாதா என்று கேட்கப்படலாம். இவ்வினாவை வடபுலத்தார் தமிழை நோக்கிக் கேட்டிருப்பின் தமிழாய்வு எத்துணை இழந்திருக்கும் என்பதை எண்ணுதல் வேண்டும். டேனிய மொழியியலறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் இலங்கைக்கு வந்து, 1821 இல் சிங்கள எழுத்துமுறை பற்றி டேனிய மொழியில் ஒரு நூலைக் கொழும்பிலேயே அச்சிட்டார். ஏட்டுச்சுவடிகள் பலவற்றைக் கொப்பன்ஹேகனுக்குக் கொண்டுசென்றார். திராவிட மொழிகளைப் பின்னியம் முதலிய மொழிகளோடு உறவுபடுத்தும் கருத்தை முதலில் முன்வைத்தவர் அவரே என்பதைக் கால்டுவெல் 1856 இல் தம் ஒப்பிலக்கணத்தில் ஏற்றுரைத்தார். அக்கருத்து இன்று மொழியியலாரால் ஏற்கப்படாததாயினும், அது எழுந்தது மூலமொழிகளைக் கற்ற உழைப்பிலிருந்து. பின்லாந்தின் அஸ்கோ பார்ப்போலா சிந்துவெளி எழுத்தைத் திராவிட அடிப்படையில் ஆராய்ந்து 2010 இல் கோவைச் செம்மொழி மாநாட்டிற் சிறப்பிக்கப் பெற்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ஆ. வேலுப்பிள்ளை பின்னர் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றி, பேராசிரியர் பீற்றர் ஷால்க்கோடு இணைந்து தமிழரிடையே பௌத்தம் பற்றிய பெருநூலை 2002 இல் வெளிக்கொணர்ந்தார். பாலம் ஒன்று இருந்தது. அதில் நடந்த போக்குவரத்தோ பெரும்பாலும் ஒருவழிப்பட்டதாகவே அமைந்தது.

தமிழர் வரலாற்றின் ஒரு பகுதியே டேனிய மொழியில் எழுதப்பட்டுக் கிடக்கின்றது. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையின்படி 1620 இல் டேனியர் தரங்கம்பாடியில் நிலைகொண்டனர். 1845 இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்கும்வரை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எழுதிய ஆவணங்கள் கொப்பன்ஹேகனில் உள்ளன. நாயக்கர் டென்மார்க் மன்னனுக்குப் பொற்றகட்டிற் பொறித்து அனுப்பிய தமிழ்க் கடிதமும் அங்கேயே இருக்கின்றது. 1620 களில் அக்கோட்டையிற் காவல்புரிந்த யோன் ஓலாப்சன் என்ற ஐஸ்லாந்தியன் தன் முதுமையில் எழுதிய நினைவுநூல், சோழமண்டலக் கரையின் அன்றாட வாழ்வைப் பேசுகின்றது. தமிழறிந்த ஒருவன் இவற்றை மூலத்திலேயே படிப்பானாயின், பிறமொழியாளர் காணத் தவறியவற்றைக் காண்பான்.

பால்டிக் நாடுகளின் மொழிகளைக் கற்பதிலும் தனிப்பயன் உண்டு. லித்துவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடுவதை உருசியப் பேரரசு 1864 முதல் 1904 வரை தடைசெய்திருந்தது. நாற்பது ஆண்டுகள் எல்லைக்கு அப்பால் அச்சிட்ட நூல்களை மூட்டைகளிற் சுமந்து கடத்தியவர்கள் அம்மொழியைக் காத்தனர். லத்வியாவில் கிரிஷ்யானிஸ் பாரன்ஸ் தொகுத்து 1894 முதல் 1915 வரை வெளியிட்ட நாட்டார் பாடல்கள் 2,17,996. எசுத்தோனியாவின் தார்த்துப் பல்கலைக்கழகம் 1632 இல் சுவீடிய மன்னரால் நிறுவப்பெற்றது. அது அந்நாட்டு மக்களின் சொந்த மொழியிற் கற்பிக்கத் தொடங்கியது 1919 இல். ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பேசும் மொழி உயர்கல்வி மொழியாக நிலைத்தது எவ்வாறு என்பது, 1981 இல் தன் பொது நூலகம் எரியக் கண்ட யாழ்ப்பாணம் கற்க வேண்டிய பாடமாகும். பெருமொழிகளின் வரலாறு சிறுமொழிகளுக்கு இவ்வழியைக் காட்டாது.

யாழ்ப்பாணத்திற்கும் வடபுலத்திற்கும் உள்ள உறவு நூல்களோடு அமைந்ததன்று. 1956 இல் நோர்வே சென்ற குருநகர் அந்தோனி இராஜேந்திரத்தின் முயற்சியால், நோர்வே மக்களின் உதவியுடன் உருவான சீநோர் நிறுவனம் காரைநகரிற் படகுகளையும் குருநகரில் வலைகளையும் உற்பத்தி செய்தது. 1980 களின் பின் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் நோர்வேயிலும் டென்மார்க்கிலும் குடியேறினர். கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன் அவர்களுள் ஒருவர். ‘சுவடுகள்’, ‘சக்தி’ ஆகிய தமிழ் இதழ்கள் நோர்வேயிலிருந்து வெளிவந்தன. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டுக் கண்காணிப்பாளர் இக்குடாநாட்டு வீதிகளிற் சென்றனர். அக்காலத்தில் நோர்வே என்ற பெயர் உச்சரிக்கப்படாத வீடு இங்கு இருந்ததில்லை. ஆயினும் அந்நாடு தன்னைப்பற்றித் தன் மொழியில் என்ன எண்ணுகின்றது, தன்னுள் வாழும் சிறுபான்மையினரை எவ்வாறு நடத்தியது என்பவற்றைக் கற்றறிந்து சொல்லவல்ல அறிஞர் குழாம் ஒன்று இங்கு உருவாகவில்லை. தம் நலம் குறித்துப் பேசிய நாட்டைத் தாமே படித்தறியாத நிலை இலக்கியத்தோடு மட்டும் நின்ற குறையன்று.

இக்குறையைப் போக்குதற்குத் தனித்துறையும் பெருநிதியும் உடனே வேண்டியதில்லை. ஒஸ்லோவிற் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞன் ஹாம்சூனை மூலத்திற் படிக்கவல்லவன். அவனுக்கு எழுத்துத் தமிழில் ஆற்றல் குறைவாயிருக்கலாம். யாழ்ப்பாணத்திற் பயிலும் தமிழ்ச் சிறப்புப்பட்ட மாணவனுக்கு எழுத்துத் தமிழ் கைவந்தது, நோர்வீஜியம் தெரியாது. இவ்விருவரையும் ஒரு நூலின் முன் அமர்த்தினால் ஒருவரது குறையை மற்றவர் நிறைவாக்குவர். மொழியியல், ஒப்பிலக்கியம், மொழிபெயர்ப்பு ஆகிய பாடங்களுள் ஒரு வடபுல மொழியின் தொடக்கப் பயிற்சியைச் சேர்த்தல் இதற்குத் துணைசெய்யும். க. நா. சு. தனியொருவராய் நின்று ஆங்கிலத்தின் துணைகொண்டு மூன்று பெருநாவல்களைத் தந்தார். ஒரு பல்கலைக்கழகமும் கடல்கடந்த ஒரு சமூகமும் இணைந்து அவற்றுள் ஒன்றையேனும் மூலத்திலிருந்து மீண்டும் தருமாயின், அவர் உழைப்புக்குச் செய்யும் தக்க மரியாதை அதுவாகும். வளம் முன்னரே உண்டு. விளைச்சல் உழைப்பவரைப் பொறுத்தது.