நடுங்காத படமும் பாலாற்றின் உப்பும்

பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் படமெடுக்கப் போகிறவர், கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் டெலி ஜூம் லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆலைகள் மதிலுக்குள் இருக்கின்றன. கழிவு நீர் வெளியேறும் இடத்தை எதிர்க்கரையிலிருந்துதான் பார்க்க முடிகிறது. கழிவுத் தொட்டிகளை நெருங்குவதில் உயிராபத்தும் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படி ஒரு தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டனர். தூரத்தில் நின்று எடுப்பதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அப்படி எடுத்த படம் தெளிவாக இருப்பதாலேயே அது வலுவான சாட்சியம் ஆகிவிடுமா என்பதுதான் கேள்வி.

300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் 1/300 நொடிக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. 1995இல் கேனான் நிறுவனத்தின் 75–300 மி.மீ. லென்ஸ் அந்தக் கணக்கைத் தளர்த்தியது. உள்ளிருக்கும் உணர்விகள் கையின் அசைவை அறிய, ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்த்திசையில் நகர்ந்து அதை ஈடுகட்டும். இன்றைய லென்ஸ் நான்கு ஸ்டாப் ஈடுகட்டினால் 1/20 நொடியிலும் கரை கூர்மையாக விழும். ஆனால் ஓடும் நீரும் மிதக்கும் நுரையும் அந்த 1/20 நொடியில் நகர்ந்துவிடும். அந்தி வெளிச்சத்தில் கரைக்கல் துல்லியமாகவும், காட்ட வேண்டிய நுரை வெறும் வெள்ளைத் தீற்றலாகவும் பதியும். ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி 1/250இல் எடுத்த புள்ளி விழுந்த படமே இங்கு மேல். கோடைப் பகலில் சுடுமணலுக்கு மேல் அலையும் காற்றையும் இந்தப் பொறிமுறை நிறுத்தாது.

இதைவிடப் பெரிய சிக்கல் தூரத்தில் இருக்கிறது. ஒரு குழாய்க்கு 100 மீட்டர் பின்னால் ஓர் ஆலை இருப்பதாகக் கொள்வோம். குழாயிலிருந்து 50 மீட்டரில் நின்றால், குழாயருகே உள்ள அதே உயரச் சுவரோடு ஒப்பிட ஆலைச் சுவர் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். 400 மீட்டரில் நின்றால் ஐந்தில் நான்கு பங்கு. இரண்டும் ஒட்டி நிற்பதுபோல் தோன்றும். அகல லென்ஸில் அங்கிருந்தே எடுத்து வெட்டினாலும் இதேதானே வரும் என்று கேட்கலாம். உண்மைதான், குற்றம் லென்ஸுடையதல்ல, நிற்கும் இடத்துடையது. ஆனால் 400 மீட்டரில் நின்றால் போதும் என்ற எண்ணத்தைத் தருவது இந்த லென்ஸ்தான். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், பாலாற்றில் கலந்த தோல் ஆலைக் கழிவால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி, அதை மாசுபடுத்தியவர்களிடமே வசூலிக்கச் சொன்னது. எனவே எந்த ஆலையின் கழிவு என்பது இனி வெறும் விவரமல்ல, வழக்கின் உயிர்நாடி. நான்கு ஆலைகள் ஒன்றன்மேல் ஒன்று அப்பியதுபோல் தெரியும் படத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் உடைத்துவிடுவார்.

மக்களின் கோபத்தை எழுப்பத் தூரப் படமே போதாதா என்பார்கள். போதும், நுரை பொங்கும் ஆற்றின் படம் அதிகாரிகளைக் களத்துக்கு வரவழைக்கக்கூடும். அந்தப் பயனைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் இந்த மண்ணைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. பச்சைத் தோலைக் கெடாமல் காக்கப் போடும் உப்பு, ஊறவைக்கும்போது நீரில் இறங்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, நுரையும் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதைக் குறிப்பிட்டது. அது ஒரு வேளாண் ஆய்வு தந்த எண். எந்த லென்ஸும் காட்டியதல்ல. நுரையை மட்டுமே தேடும் கேமரா, தெளிந்து ஓடும் உப்புநீரை நல்ல தண்ணீர் என்று காட்டிவிடும்.

ஆகவே தூரப் படத்தோடு அதே இடத்திலிருந்து ஓர் அகலப் படமும், நின்ற இடத்தின் ஆயத்தொலைவும், படம் எடுத்த நேரமும் சேர வேண்டும். அன்றே அந்த நீரின் மாதிரியும் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். கரைந்த உப்பின் அளவையும், தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தின் அளவையும் அந்த ஆய்வு சொல்லும்.