முதியோர் ஆய்வும் உடையார்கட்டும்: ஒரு விமர்சன நோக்கு

முதுமையில் அறிவாற்றல் அடையும் மாற்றங்களை ஆராயும் நெடுங்கால ஆய்வுகளின் பெறுமதி, அவற்றிற் சேர்ந்தோர் தொகையிலும் பார்க்கச் சேராது விடப்பட்டோர் யாவர் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

இத்துறையில் முதன்மையாக எடுத்துக்காட்டப்படுவது ஸ்கொத்லாந்து ஆய்வாகும். அந்நாட்டில் 1921இற் பிறந்த பிள்ளைகளுள் ஏறத்தாழ அனைவரும் 1932 ஜூனில் ஒரே நாளில் அறிவுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அப்பதிவேடுகள் அழியாதிருந்தமையாலேயே, இயன் டியரி முதலியோர் எடின்பரோப் பகுதியில் அவர்களுள் 550 பேரை எண்பது வயதளவில் மீண்டும் சோதிக்க முடிந்தது. எனினும், தாமாக முன்வருவோர் பெரும்பாலும் நலமும் கல்வியும் மிக்கோரே. நலிந்தோரோ முதலில் விலகுவர். எஞ்சியோரைக் கொண்டு வரையும் முதுமைச் சித்திரம் உண்மையினும் ஒளி மிக்கதாகின்றது.

கருநாடகத்துச் சிறீனிவாசபுரத்தில் 2018இல் தொடங்கிய ஆய்வு, 45 வயதும் அதற்கு மேலும் ஆன 10,000 கிராமத்தவரைச் சேர்ப்பதை இலக்காகக் கொண்டது. கிராம மக்களை நோக்கிய இம்முயற்சி பாராட்டற்குரியது. ஆயின் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்த கிராமத்துக்கு அமைந்த முறை வன்னிக்கு அவ்வாறே பொருந்துமா?

பரந்தன்-முல்லைத்தீவு வீதியிலுள்ள உடையார்கட்டு, 2009 ஜனவரியிற் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட பகுதியுள் அடங்கியது. அங்கும் எறிகணைகள் வீழ்ந்தன. மக்கள் கிழக்கே பெயர்ந்தனர். உயிர்தப்பியோருட் பெருந்தொகையினர் செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் வைக்கப்பட்டுப் பின்னரே மீளக்குடியமர்ந்தனர். இத்தகைய ஊரில் வழமையான தேர்வுமுறை மூன்று இடர்களை எதிர்நோக்கும்.

முதலாவது, செவிப்புலன் குன்றியோரையும் கடும் மனநோயுற்றோரையும் விலக்கும் விதி. வெடியோசையாற் செவியையும் இழப்பினால் உறக்கத்தையும் இழந்தோரை அது புறந்தள்ளிவிடும். இரண்டாவது, முதியவரைப் பல்லாண்டு அறிந்த உறவினர் ஒருவரின் சாட்சியம். மக்களை இழந்து தனித்து வாழும் மூதாட்டிக்காக யார் சாட்சி கூறுவர்? மூன்றாவது, பெயர்ப்பதிவு. முகாமிற் பதியப்பட்டு வாழ்ந்தோருக்கு அது வெறும் எழுத்துவேலையன்று. அச்சத்தையும் அது கிளறக்கூடும்.

ஆதலின் இங்கு ஆய்வாளர் முதலிற் பெறவேண்டியது கையொப்பமன்று, நம்பிக்கையே. நிவாரணத்தோடு ஆய்வை இணைத்தலாகாது. மறுப்போரின் உரிமையும் பேணப்படவேண்டும். செவிப்புலன் குன்றியோருக்கேற்பச் சோதனையைத் திருத்துவதும், அயலவர் சாட்சியத்தை ஏற்பதும், ஆண்டுதோறும் அறிமுகமான ஒருவரே சென்று காண்பதும் அவசியமாம். இவையின்றிக் கிடைக்கும் முடிவு போரின் வடுவையே மூப்பின் மறதியெனக் கணிக்கும். அன்றேல், அவ்வடுவைச் சுமப்போர் இல்லாததொரு வன்னியைக் காட்டும். இரண்டும் பிழையே.