சேற்றை அளக்கும் கோல்

கடலோர வண்டலில் படியும் கன உலோகங்களைப் பற்றிய ஆய்வுரைகள் பலவற்றின் முடிவில் ஓர் எண் நிற்கும். அதனருகே ‘குறைந்த இடர்’ என்றோ ‘மிகுந்த இடர்’ என்றோ ஒரு தீர்ப்பும் நிற்கும். இதற்கு மூலம், சுவீடன் நாட்டு அறிஞர் லார்ஸ் ஹோகன்சன் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையாகும். மூலத்தையும், வழிவந்தோர் அதைக் கையாளும் முறையையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

முறை எளியது. வண்டலிலுள்ள பொருளின் அளவை, மாசுபடுமுன் இருந்த இயற்கை அளவால் வகுக்க வேண்டும். வந்த ஈவை அதன் நச்சுத்தன்மைக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். பாதரசத்திற்கு 40, பி.சி.பி. என்னும் செயற்கை வேதிப்பொருளுக்கும் 40, காட்மியத்திற்கு 30, ஆர்சனிக்கிற்கு 10, செம்பு, ஈயம் ஒவ்வொன்றுக்கும் 5, குரோமியத்திற்கு 2, துத்தநாகத்திற்கு 1. எல்லா நஞ்சையும் ஒரே தட்டில் நிறுக்காமை இம்முறையின் சிறப்பு. எட்டுப் பொருள்களும் இயற்கை அளவிலேயே இருப்பின் கூட்டுத்தொகை 133. ஆதலின் 150க்குக் குறைந்ததைக் ‘குறைந்த இடர்’ என அவர் வகுத்தது பொருத்தமே.

குறை வழிவந்தோரிடம் தோன்றுகிறது. சிலர் செம்பு, ஈயம், துத்தநாகம் என மூன்றை மட்டும் அளந்துவிட்டு, எல்லையை மட்டும் 150 என்றே வைத்துக்கொள்கின்றனர். இம்மூன்றின் எண்களும் சேர்ந்தால் 11 தான். மூன்றும் இயற்கை அளவினும் பதின்மூன்று மடங்கு பெருகினாலும் 143 ஆகும்; அப்பொழுதும் தீர்ப்பு ‘குறைந்த இடர்’! ஐந்து பாடத்தில் தேர்வெழுத வேண்டிய மாணவனை இரண்டில் மட்டும் எழுதவைத்து, மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு தரம் பிரிப்பதை எந்த ஆசிரியர் ஒப்புவார்?

மற்றொன்றும் உண்டு. ஹோகன்சன் கருதியது நன்னீர் ஏரிகளை. நீர்நிலையின் உயிர்வளத்திற்கேற்ப நச்செண்ணைத் திருத்தவேண்டும் என்றும் அவர் விதித்தார். அவ்விதியைக் கைவிட்டு, அலையேற்றமும் கண்டற்காடும் உடைய வெப்பநாட்டுச் சேற்றில் அதே எண்ணைப் பொருத்துவது எங்ஙனம் சாலும்? உலோகம் எவ்வளவு உள்ளது என்பதோடு, எவ்வடிவில் உள்ளது என்பதும் வேண்டும். மண்மணியில் இறுகிய ஈயம் உயிருக்குள் எளிதில் புகாது. தளர்ந்து ஒட்டியது புகும். மலேசியப் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர் 2002இல், மேற்குக் கரை வண்டலின் உலோக வடிவங்களைப் பச்சைச் சிப்பியின் தசையிலுள்ள உலோகத்தோடு ஒப்பிட்டமை இவ்வகையில் பாராட்டத்தக்கது.

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் கரையோரத்தார்க்கு இது ஏட்டுச் சிக்கலன்று. அவர்கள் உண்ணும் கெராங் சேற்றிலேயே புதைந்து வாழ்ந்து, சேறு கலந்த நீரையே வடித்து உண்கிறது. 1956இல் சப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட பாதரச நோயும் மீன், சிப்பி வழியாகவே மனிதரை அடைந்தது.

ஆகவே ‘குறைந்த இடர்’ என்ற சொல்லைக் கண்டு மனம் அமையுமுன், எத்தனைப் பொருள்கள் அளக்கப்பட்டன, இயற்கை அளவு எங்கிருந்து பெறப்பட்டது என்று கேட்டல் கற்றோர் கடன். கோல் பிழைத்தால், பிழையின் பயனை உண்பவர் கரையோர மக்களே.