புதுப்பிறப்பின் திருநாள்

கிறிஸ்து பிறப்பைச் சரித்திரத்தில் ஒருமுறை நிகழ்ந்து முடிந்த சம்பவமாகக் கொண்டு அதன் நினைவுநாளைக் கொண்டாடுவது ஒன்று. அப்பிறப்பினால் மனித இயல்பே புதுக்கப்பெற்றது என்றும், அப்புதுக்கம் ஒவ்வோர் ஆத்துமாவிலும் நிறைவேற வேண்டும் என்றும் கருதி அந்நாளை அனுசரிப்பது மற்றொன்று. கிறிஸ்தவ ஞானிகளுள் பலர் பின்னதையே வலியுறுத்தினர் என்பதும், விழாவின் வெளிக்கோலம் பெருகப் பெருக அவர்கள் வாக்கில் கண்டிப்பும் மிகுந்தது என்பதும், அவர்தம் பிரசங்கங்களைக் கால வரிசையில் வைத்துப் படிப்போர்க்குப் புலனாகும்.

மத்தேயுவும் லூக்காவும் பாலன் பிறந்த வரலாற்றை விவரித்தனரேயன்றிப் பிறந்த நாளைக் குறித்தாரில்லை. மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிகன், வேதாகமத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோன், ஏரோது முதலிய பாவிகளே என்று எடுத்துக்காட்டி அவ்வழக்கத்தையே இகழ்ந்தார். டிசம்பர் 25 என்னும் நாள் 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமாபுரிப் பஞ்சாங்கத் தொகுப்பில் காணப்படுகிறது. அந்நாள் சூரிய விழாவினின்றும் வந்ததா, மார்ச்சு 25-இலிருந்து ஒன்பது மாதம் எண்ணிக் கணிக்கப்பட்டதா என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை. நம் பொருளுக்கு அது அத்துணை இன்றியமையாததும் அன்று.

விழா வேரூன்றிய அந்த நான்காம் நூற்றாண்டிலேயே அதன் தத்துவமும் உருப்பெற்றது. அலெக்சாந்திரியா நகரத்து அத்தனாசியார், தேவன் மனிதனானது ஏன் என்பதை ஆராயுமிடத்து ஓர் உவமை கூறுகிறார்: பலகையில் தீட்டிய ஒருவருடைய உருவப்படம் மாசுபட்டு அழிந்தால் அப்பலகையை எறிந்துவிடாமல், படத்துக்குரியவரே மீண்டும் வந்து எதிரில் அமர, அதே பலகையில் சாயலைப் புதுக்குவர் அன்றோ? அவ்வாறே தேவசாயலாகப் படைக்கப்பட்டுப் பாவத்தால் மங்கிய மனிதனைப் புதுக்க, அச்சாயலின் மூலமாகிய திருக்குமாரனே வரவேண்டியதாயிற்று என்பது அவர் சித்தாந்தம். நசியான்சு ஊர்க் கிரகோரியார் ஏறத்தாழ 380-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் நிகழ்த்திய பிரசங்கத்தில் இதை விழாவோடு பொருத்தினார். வாயிலில் மாலை தொங்கவிடுவதும், விருந்தும் கூத்தும் நிகழ்த்துவதும் புறச்சமயத்தார்க்கு உரியவை என்று விலக்கி, சிருஷ்டியின் விழாவாக இன்றி மறுசிருஷ்டியின் விழாவாக இதனைக் கொள்ளுமாறு அவர் கேட்டுக்கொண்டார். அவர் விலக்கிய மாலையும் விருந்தும் பதினாறு நூற்றாண்டுகள் கடந்தும் விலகவில்லை!

இப்பொருளில் தலைசிறந்தவர் என நான் மதிப்பது 440 முதல் 461 வரை உரோமாபுரியில் வீற்றிருந்த பாப்பரசர் முதலாம் லியோவை. அவருடைய கிறிஸ்து பிறப்புப் பிரசங்கங்கள் பத்து நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில், இராயப்பர் ஆலயத்துக்கு வழிபட வரும் விசுவாசிகளுள் சிலர், படிக்கட்டின்மேல் ஏறி நின்றதும் திரும்பி, உதய சூரியனுக்குத் தலைவணங்கிவிட்டு உள்ளே நுழைவதைக் கண்டு வருந்துகிறார். அக்காலத்து மக்களின் மனம் பழைமைக்கும் புதுமைக்கும் இடையே ஊசலாடியதை இவ்வொரு செய்தியே காட்டிவிடுகிறது. அத்தகைய மக்களை நோக்கி அவர் சொல்வது யாதெனில், தலையானவரின் பிறப்பே உடலாகிய சபையின் பிறப்பும் ஆகும் என்பதும், கன்னியின் உதரத்தை நிறைத்த அதே ஆவியானவர் ஞானஸ்நானத் தொட்டியின் நீரையும் நிறைக்கிறார் என்பதும், ஆகையால் தெய்வ இயல்பில் பங்குபெற்றவன் தன் பெருமையை உணர்ந்து பழைய இழிநடைக்குத் திரும்பலாகாது என்பதுமே. தத்துவமும் சடங்கும் ஒழுக்கமும் இவ்வளவு குறுகிய இடத்தில் இவ்வளவு தெளிவாக ஒன்றுபட்டு நிற்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இடைக்காலத்தில் இக்கருத்து உள்முகமாகத் திரும்பியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துப் பெர்நார்து, ஆண்டவரின் வருகைகள் மூன்று என வகுத்தார்: முதலாவது பலவீனமான மாமிசத்தில், கடைசியானது மகிமையில், இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஆத்துமாவுக்குள் மறைவாக நிகழ்வது. இந்த இடைவருகையையே தம் உபதேசத்தின் சாரமாக்கிக்கொண்டவர் ஜெர்மானிய ஞானியாகிய எக்கார்ட். பெத்லகேமில் நிகழ்ந்த பிறப்பு என்னுள் நிகழாவிடில் எனக்கு அதனால் யாது பயன் என்னும் கேள்வியை அவர் எழுப்பி, புலன்கள் அடங்கிய மௌனத்திலேயே அது நிகழும் என்றார். அவர் மறைந்தபின் 1329-இல் அவருடைய கூற்றுகள் இருபத்தெட்டைப் பாப்பரசரின் ஆணை குறைகூறியது. அக்கண்டனம் எவ்வாறாயினும், அவர் உபதேசத்தின் உயரத்தில் நிற்கும்போது தாயும் குழந்தையும் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றனர் என்னும் குறையை நான் உணர்கிறேன்.

அக்குறைக்கு மாற்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1223-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியில் கிரெச்சோ என்னும் சிற்றூரில், அசிசியார் பிரான்சிஸ் வைக்கோல் பரப்பிய முன்னணையும் எருதும் கழுதையும் வைத்துப் பூசை நடப்பிக்கச் செய்து, தாமே சுவிசேஷத்தைப் பாடினார். பலருடைய இதயங்களில் மறதியுற்றிருந்த பாலன் அன்று மீண்டும் உயிர்பெற்று எழுந்தார் என்பது அவர் சரிதத்தை எழுதிய தாமஸ் செலானோவின் கருத்து. ஆகவே இன்றைய குடில்களுக்கெல்லாம் முன்மாதிரியான அவ்வேற்பாடும் அலங்காரத்துக்காக எழுந்ததன்று. அதுவும் உள்ளத்தை எழுப்பும் உபாயமே.

இங்கிலாந்தின் பியூரிட்டானியர் வேறு வழியிற் சென்றனர். குடியும் சூதும் மலிந்த அவ்விழாவை 1647-இல் பார்லிமெண்டு ஒழித்தது. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினோர்க்கு ஐந்து ஷில்லிங் அபராதம். நோயை அறிந்த அளவில் அவர்கள் கூற்று சரியே; மருந்துதான் தவறு. நாளை ஒழித்ததனால் நாட்டார் ஞானிகளாகிவிடவில்லை. 1739-இல் சார்லஸ் வெஸ்லி வெளியிட்ட கிறிஸ்துமஸ் கீர்த்தனை, மனிதர் இரண்டாம் பிறப்பு அடைவதற்காகவே ஆண்டவர் பிறந்தார் என்னும் கருத்தைச் சாமானியரின் நாவில் ஏற்றி, சட்டத்தால் இயலாததைப் பாட்டினால் சாதித்தது.

தமிழகத்திலும் இப்பணியைச் செய்தவர்கள் புலவர்களே. 1726-இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி, 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். சூசையப்பரையே வளன் என்னும் பெயரால் பாட்டுடைத் தலைவராக்கியமையால், திருப்பிறப்பை ஒரு நீதிமானின் அகத்தின் வழியாக நாம் காணுமாறு அது செய்கிறது. இதனினும் வியப்புக்குரியது, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1800-இல் பாடிய பெத்லகேம் குறவஞ்சி. பெத்லகேம் நாதரின் பவனியைக் கண்டு தேவமோகினி காதலுறுகிறாள். குறத்தி குறி சொல்கிறாள். குறவன் வலைவீசிப் பட்சிகளைப் பிடிப்பது ஆத்துமாக்களைச் சுவிசேஷத்தால் ஈர்ப்பதாகிறது. ஊர் பெத்லகேமே, ஆயினும் கதை நடக்கும் களம் காதலுற்ற ஆத்துமா. எக்கார்ட் கேட்ட கேள்விக்கும் பிரான்சிஸ் காட்டிய காட்சிக்கும் இடம் கொடுத்து, இரண்டையும் நம் நாட்டுச் சிற்றிலக்கிய மரபொன்றில் சாஸ்திரியார் அடக்கிவிட்டார்.

இந்நூல்களைக் காவிய நயத்துக்காகவும் சந்த நயத்துக்காகவும் மட்டுமே நம் விமரிசகர்கள் பாராட்டி வருவது போதாது. லியோவின் பத்துப் பிரசங்கங்களையும் குறவஞ்சியையும் அருகருகே வைத்து ஒருமுறையேனும் படித்துப் பார்க்குமாறு தமிழ் அன்பர்களை வேண்டுகிறேன்.