முப்பத்தோராவது ஆடு

2023 டிசம்பர் மழையில் குற்றாலம் அருவியில் வெள்ளம் கொட்டியதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அடித்துப்போன ஆடு மாடுகளை அந்த அளவுக்கு யாரும் காட்டவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லைதான். செத்த மாட்டுக்கு நிவாரணம் 30,000-லிருந்து 37,500 ரூபாய். ஆட்டுக்கு 3,000-லிருந்து 4,000. ஆஹா என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். மத்திய அரசின் பேரிடர் நிதி விதியில் 2022-லேயே எழுதிவைத்த தொகைதான் இது.

அதே விதியில் உச்சவரம்பு ஒன்றும் உண்டு. குடும்பத்துக்கு மூன்று கறவை மாடு அல்லது முப்பது ஆடு. வீட்டில் ரெண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவருக்கு இது சரி. தென்காசிப் பக்கம் வயலில் கிடை போடுகிறவருக்கு? நூறு ஆடு செத்தாலும் முப்பதுக்குத்தான் காசு. அதாவது, 1,20,000 ரூபாய். மிச்சம் எழுபது ஆடு கணக்கிலேயே வராது.

நான் படித்தது பி.காம். சரக்கில் எழுபது சதவீதத்தைக் காணோம் என்றால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். அரசாங்கம் போடுகிறது.

வரம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டு ஆட்டுக்கு ஒன்று, கிடை ஆட்டுக்கு ஒன்று என்று வைக்கலாமே? வெள்ளம் முப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை, சார்!