கரியைப் படிக்கும் கை: மொபெட் பழுது பார்க்கும் கலை

சைக்கிளின் மிதிகட்டையும் சிறு பெட்ரோல் எஞ்சினும் ஒரே சட்டத்தில் சேர்ந்த ஊர்தியாகத் தொடங்கியதே மொபெட். 1980இல் ஒசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த பிறகு, பால்காரர், மீன் வியாபாரி, காய்கறி மூட்டையோடு சந்தைக்குச் செல்லும் விவசாயி என எத்தனையோ பேரின் பிழைப்பு இவ்வகை வண்டிகளின் மேல் ஏறியது. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும் என்பதால், அதைக் கழற்றிச் சரிசெய்யும் அறிவு பட்டறையோடு நின்றுவிடாமல் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. நாலைந்து ஸ்பேனர்களும் ஒரு பிளக் ஸ்பேனரும் திருப்புளியும் பழந்துணியும் போதுமான இவ்வேலையைக் கலை என்று மதிப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே திறமை என்பது கருவியின் பெருக்கத்தில் இல்லை. எஞ்சின் விட்டுச்செல்லும் அடையாளங்களைச் சரியாகப் படிப்பதிலும், தேவைக்கு மேல் எதையும் தொடாத கையின் அடக்கத்திலும் இருக்கிறது.

அடையாளங்கள் இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் எளிய அமைப்பே அடிப்படை. பிற்கால டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பரில் 46 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 42 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடி, ஏறத்தாழ 70 சி.சி. கொள்ளளவைத் தருகிறது. பெரிய எஞ்சின்களில் காணும் வால்வுகள் இதில் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே தன் ஓட்டத்தில் மூடியும் திறந்தும், புதிய கலவையை உள்ளே விட்டு எரிந்த புகையை வெளியேற்றுகிறது. பெட்ரோலோடு கலந்து வரும் டூ.டி. ஆயில்தான் உராய்வைத் தடுக்கும் ஒரே பாதுகாப்பு. அந்த ஆயில் குறைந்தால், அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும் தன்மையுடையது என்பதால், சூட்டில் இறுகிச் சிக்கிக்கொள்கிறது. மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆயிற்று’ என்று சொல்வது இதைத்தான். கூடினாலோ, எரியாத மிச்சம் கரியாகப் படிகிறது.

கிளம்ப மறுக்கும் வண்டியைத் தேர்ந்த கை ஓர் ஒழுங்கோடு அணுகுகிறது: முதலில் தீப்பொறி, அடுத்து பெட்ரோல், பிறகு கம்ப்ரஷன் எனப்படும் அமுக்கம். பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் செருகி, இரும்பு உடலை எஞ்சின்மேல் சாய்த்து வைத்து மிதித்தால், நீலப் பொறி தெறிக்க வேண்டும். பொறி இருந்தும் பலமுறை மிதித்த பின் பிளக் உலர்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்றும், நனைந்திருந்தால் அளவுக்கு மேல் வந்துவிட்டது என்றும் பொருள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பிளக் முனை இன்னும் விரிவாகப் பேசும். வெளிர் பழுப்பு நிறம் நல்ல எரிதலைக் காட்டுகிறது. ஈரக் கருமை, பெட்ரோலோ ஆயிலோ மிகுந்ததைக் காட்டுகிறது. சுண்ணாம்பு வெண்மை, காற்று மிகுந்து எஞ்சின் கொதிப்பதை எச்சரிக்கிறது.

அந்த வெண்மையைக் கண்டவுடன் கார்பரேட்டரைத் திருகத் தொடங்குவது கற்றுக்குட்டியின் வழக்கம். அனுபவம் மிக்கவர், கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள பேக்கிங் கிழிந்து, அதன் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று முதலில் பார்ப்பார். அதன் பிறகே கார்பரேட்டர் திறக்கப்படும். பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் திருகான ஜெட்டின் நடுத்துளையில் அடைப்பு இருந்தால், அதை ஊதித்தான் நீக்க வேண்டும். கம்பியால் குத்தினால் மென்மையான பித்தளை தேய்ந்து, துளையின் அளவு நிரந்தரமாக மாறிவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தத் தேய்மானம், பிறகு ஒவ்வொரு லிட்டரிலும் பெட்ரோலை வீணாக்கும். சுத்தம் செய்வதிலும் ஒரு பொருளின் அளவை மதிக்க வேண்டும் என்ற பாடத்தை இச்சிறு துளை கற்றுத்தருகிறது.

இக்கலையின் உச்சம் கரி எடுத்தலில் வெளிப்படுகிறது. மேட்டில் வண்டி இழுக்காமல் திணறும்போது, குறை பெரும்பாலும் வலிமையில் அல்ல, வழியில்தான் இருக்கும். புகை வெளியேறும் துவாரமும் சைலன்ஸரின் உட்குழலும் கரியால் குறுகி, பழைய புகை முழுதாக வெளியேறாமல் புதிய கலவைக்கு இடம் மறுக்கிறது. சிலிண்டரைக் கழற்றியதும், கரித்துகள் கீழே விழாதபடி எஞ்சினின் வாயில் துணி அடைக்கப்படுகிறது. பிஸ்டன் தலையிலுள்ள கரி, கூரிய உளியால் அல்ல, கீறாத மரத்துண்டால் சுரண்டப்படுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அமரும் காடியில் இறுகிய கரியை, உடைந்த பழைய ரிங்கின் துண்டாலேயே எடுப்பது மரபு. காடியின் அகலத்துக்கு அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது என்பதில் இத்தொழிலின் சிக்கன அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மீண்டும் பூட்டும்போதுதான் கவனத்தின் உண்மையான தரம் தெரியும். காடியில் ஒரு சிறு ஊசி இருக்கும். ரிங்கின் இரு முனைகளும் அதன் இருபுறமும் அமராவிட்டால், அவை சுழன்று சிலிண்டர்த் துவாரத்தில் மாட்டி உடையும். பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருந்தால், அது புகை வெளியேறும் பக்கத்தை நோக்க வேண்டும். சிலிண்டர்த் தலைப்பகுதியின் நட்டுகளை ஒரே சுற்றில் இறுக்கிவிடாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினால்தான் பேக்கிங் சமமாக அமரும். அலுமினியத்தில் வெட்டிய மரை மிகை இறுக்கத்தைத் தாங்காது என்பதால், எங்கே நிறுத்துவது என்பதை மணிக்கட்டே அறிந்திருக்க வேண்டும். அந்த நிதானம் புத்தகத்தால் வருவதில்லை. இரண்டொரு மரைகளை இழந்த கைக்கே அது வாய்க்கிறது.

2015இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது, 2020இல் அதே வண்டி மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்புக்கு மாறியது. புகை குறைந்ததும் சிக்கனம் கூடியதும் நன்மையே. நகரக் காற்றின்மேல் அக்கறை உள்ள எவரும் பழைய நீலப் புகைக்காக வருந்தமாட்டார். ஆயினும் கார்பரேட்டரின் ஜெட்டும் ஊசியும் இருந்த இடத்தில் சென்சார்கள் வந்துவிட்டதால், குறையைக் கண்டறிவதில் ஒரு பகுதி உரிமையாளரின் கண்ணிலிருந்து கருவியின் திரைக்கு நகர்ந்துவிட்டது. எஞ்சியிருக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பழுது பார்க்கும் அறிவு, பழையது என்பதற்காகப் போற்றத்தக்கதன்று. காரணத்தைத் தேடிய பிறகே கருவியை எடுப்பது, மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்தி விளைவைக் கவனிப்பது ஆகிய ஒழுக்கங்களை ஒரு சாதாரண உழைப்பாளியின் கைக்குள் அது கொண்டுவந்து சேர்த்தது. எந்த எஞ்சின் வந்தாலும் நல்ல மெக்கானிக்குக்கு இவ்வொழுக்கங்களே முதலில் தேவைப்படும்.