ரோபோவும் வெட்டியும்

ரோபோ என்றால் இரும்பு. ரொம்ப நாளா நானும் இப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். ஆனால் 1921இல் பிராக் நகரில் மேடையேறிய காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில் ரோபோக்கள் உயிர்ப்பொருளைப் பிசைந்து செய்த உடல்கள், பார்த்தால் மனிதர்களேதான். 'லபோரி' என்று பெயர் வைக்கலாமா எனத் தயங்கிய தம்பிக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அண்ணன், ஓவியர் யோசெஃப் சாப்பெக்.

அவர் வெறுங்கையில் முழம் போடவில்லை. செக் மொழியில் 'ரொபொத்தா' என்றால் குடியானவன் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்தாக வேண்டிய வேலை. 1775இல் போஹீமியக் குடியானவர்கள் கலகம் செய்த பிறகு, வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் அதை வாங்கக் கூடாது என்று ஹாப்ஸ்பர்க் அரசு ஆணையிட்டது. மூன்று நாள்! அதுவும் 1848 புரட்சியின்போதுதான் ஒழிந்தது.

இன்னும் கிளறினால், பழைய சர்ச் ஸ்லாவிய மொழியில் 'ரபு' என்பது அடிமை. வேலையைக் குறிக்கும் ஜெர்மன் 'அர்பைட்', அனாதையைக் குறிக்கும் கிரேக்க 'ஓர்ஃபனோஸ்' (ஆங்கில 'ஆர்ஃபன்' அதன் வாரிசு) ஆகியவற்றையும் மொழியியலாளர் பலர் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் சேர்க்கிறார்கள். அந்த வேர் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல. வாரிசுச் சொற்களை ஒப்பிட்டு மீட்டது. அனாதை, அடிமை, உழைப்பு: மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இதை வெறும் சொல் விளையாட்டாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1939இல் நாஜிகள் யோசெஃப் சாப்பெக்கைக் கைது செய்தார்கள். அவர் அடைபட்டிருந்த டாகாவ், சாக்சன்ஹவுசன் முகாம்களின் வாசலில் 'உழைப்பு விடுதலை தரும்' என்று எழுதியிருந்தது. ஜெர்மனில் அந்த வாசகத்தின் முதல் சொல் 'அர்பைட்'. 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் அவர் செத்துப்போனார்.

ஆங்கிலம் இந்தச் சொல்லை உலகத்துக்குக் கொண்டுபோனபோது அடிமை உதிர்ந்தான், இயந்திரம் மிஞ்சியது. நாடகத்தில் நடக்கும் அடிமைக் கலகம், இயந்திரத்தைப் பற்றிய பயமாகச் சுருங்கியது. நாமும் 'இயந்திர மனிதன்' என்று அந்த மிச்சத்தைத்தான் பெயர்த்தோம். ரொபொத்தாவுக்கு நேரான சொல் நம்மிடமே இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் வருகிற 'வெட்டி': கூலியில்லாக் கட்டாய உழைப்பு. அதை வச்சு இன்னைக்கு யாரைத் திட்டுறோம்? வேலை கிடைக்காதவனை. 'வெட்டிப்பய.' வாங்கித் தின்ற ஆண்டை சொல்லிலிருந்து நழுவிவிட்டான். இழிவு மட்டும் உழைக்கிறவன் பக்கம் தங்கிவிட்டது.

ரோபோ வந்து வேலையைப் பறிக்கும் என்று பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். ரோபோ செய்யப்போகிற வெட்டி யாருக்கு?